பனி ஆகாத குதிரை

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் விசாரிப்பது மாத்திரையைத்தான். பிள்ளைகள், பேரன்கள் எல்லாம் அப்புறம். நானும் அதற்கு விலக்கில்லை. போன வருடத்திலிருந்து என் கைப்பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு நீலக் குப்பி இருக்கிறது, வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற குப்பி. முதல் தடவை அதை அழுத்தி, மார்பு லேசாகி, மூச்சு உள்ளே இறங்கியபோது எனக்குச் செத்துப்போன புருஷன் ஞாபகமும் வரவில்லை, தூரதேசத்துப் பிள்ளை ஞாபகமும் வரவில்லை. ஒரு குதிரையின் ஞாபகம் வந்தது. சேலத்தில் என் தெருவில் இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னால் தன் மருமகளிடம் போய், அவங்களுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு என்று சொல்லிவிடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். எங்கள் ஊர் குப்பனூர், மலைக்கு அடியில். அம்மா பிரசவத்தில் உடம்பு கெட்டு, பிறந்த பிள்ளையும் தங்காமல், சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா பகலில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிவிட்டு, ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மாதத்துக்கு என்று சொல்லி மலை மேலே பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் சொல்லும் ஒரு மாதம் எவ்வளவு தூரம் நீளும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். புரட்டாசியில் ஏறினவள் மாசியில்தான் இறங்கினேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கரடியூருக்குக் கீழே ஒரு சரிவில் அவள் வீடு. அந்தக் காலத்தில் பஸ் கரடியூரோடு நின்றுவிடும், அதற்குக் கீழே எல்லாம் ஒற்றையடிப் பாதை. காப்பியோ மிளகோ ஆரஞ்சோ, எது விளைந்தாலும் குதிரை முதுகில் ஏறித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். அந்தப் பொதிக்குதிரையை ஓட்டினவர் பெரியப்பா. ஒரு மார்கழியில் பனியில் நனைந்து வீடு வந்தவர் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அப்புறம் பெரியம்மாவே கயிற்றைக் கையில் பிடித்தாள். பொம்பளை பொதி ஓட்டுவதா என்று முணுமுணுத்தவர்களும் தங்கள் மூட்டையை அவளிடம்தான் கொடுத்தார்கள். ஊரில் வேறு குதிரை இல்லை. பிள்ளையும் இல்லாதவள். இப்போது கணக்குப் போட்டால் அவளுக்கு அன்றைக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. எனக்கு அவள் கிழவியாகத் தெரிந்தாள்.

குதிரைக்குப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. செவலை நிறம், அதனால் செவலை. கட்டையான மட்டக்குதிரை. நெற்றியில் சுண்ணாம்பு விரலைத் துடைத்தது மாதிரி ஒரு வெள்ளை. முதுகில் பெரியப்பா தன் கையால் தைத்த சேணம், உள்ளே தேங்காய் நார், மேலே சாக்கு. வியர்வையும் காப்பிப் பழமும் ஊறி அதில் ஒரு புளித்த வாசனை அடிக்கும். இன்றைக்கு அந்தச் சேணமும் இல்லை, அப்படி ஒரு வாசனையும் எங்கேயும் இல்லை.

ஒரு மாதத்துக்கு எதற்கு என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் என்னைக் கீழ்நாட்டுப் புள்ளை என்று தள்ளி வைத்திருந்தார்கள். பெரியம்மா என்னோடு அதிகம் பேசமாட்டாள். சாப்பிடு கண்ணு, தூங்கு கண்ணு, அவ்வளவுதான். குதிரையோடு மட்டும் பேசுவாள். மூட்டை யாருடையது, வழியில் எங்கே சேறு, யார் அவளைப் பார்த்துச் சிரித்தது என்று எல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டு நடப்பாள். பின்னால் நடந்தபடி நான் ஒட்டுக் கேட்பேன். எனக்கு யாரும் எதையும் சொல்லாத அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டதுதான் எனக்குக் கிடைத்த பேச்சு.

செவலைக்கு இரைப்பு வந்து இரண்டு பனிக்காலம் ஆகியிருந்தது. மேட்டில் ஏறும்போது நின்று நின்று இருமும். சும்மா நிற்கும்போதும் உள்ளே போன மூச்சு எளிதில் வெளியே வராது. வயிற்றை ஒரு தரம் எக்கும், மிச்ச மூச்சைத் தள்ள மறுபடியும் எக்கும். எக்கி எக்கி விலாவுக்குக் கீழே நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. நான் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே நிற்பேன். அது ஒன்றும் செய்யாது.

நோய் எதனால் என்பதில் பெரியம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. பனி. புருஷனைக் கொண்டுபோன அதே பனி. மலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பனி ஆகாது, தலையில் துண்டைக் கட்டு, கதவைச் சாத்து. பெரியப்பா இருந்தவரை செவலை நின்றது நாலு கால் நட்டு மேலே புல் வேய்ந்த கொட்டாயில், சுவர் என்பதே இல்லை. அவர் போனதும் பெரியம்மா அதற்கு மண்சுவர் வைத்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்தில் சாக்கைச் சுருட்டி அடைத்தாள். தகரக் கதவு போட்டாள். தரையில் கணுக்கால் புதைகிற அளவுக்குக் காப்பித் தோலைப் பரப்பினாள், சூடாக இருக்குமாம். சாயங்காலம் மண்சட்டியில் நொச்சி இலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை மூட்டிக் கதவைச் சாத்துவாள். தான் படுக்கிற அறையில் கூரை ஒழுகினாலும் கவலைப்படமாட்டாள், கொட்டாயில் ஒரு விரல் சந்து தெரிந்தால் உடனே மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவாள்.

அப்புறம் வைக்கோல். மலையில் நெல் ஏது, வைக்கோல் ஏது. செவலை அதுவரை தின்றது சரிவில் அறுத்த பச்சைப் புல்லும் அவித்த கொள்ளும். என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று அப்பா பஸ் மேலே வைக்கோல் கட்டுகளை ஏற்றி வந்தார். பெண்ணைச் சும்மா விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துபோனது. அதற்குப் பிறகும் அப்பா கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். மலை ஏறுவதற்குள் கட்டு நனைந்துவிடும். கொட்டாய் மூலையில் அடுக்கி வைத்தால் உள்ளே புழுங்கும். பிரிக்கும்போது சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பும். எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும், என் ஊர் வாசனை அது. செவலை அதில் முகத்தைப் புதைத்துத் தின்னும்போது பக்கத்தில் குந்தியிருப்பேன். அம்மாவை நினைத்து அழவேண்டும் என்றாலும் அங்கேதான் போவேன். கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே கேட்காது.

ஐப்பசி அடைமழையில் செவலைக்கு முற்றிவிட்டது. படுக்கவில்லை, அதுதான் பயம். கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, பகலும் இரவும் நின்றது. தீனி இறங்கவில்லை. சித்தப்பா, அதாவது பெரியப்பாவின் தம்பி, ஏற்காட்டிலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். மலையில் தனக்கு வருவதெல்லாம் மாடும் பன்றியும்தான், குதிரை படிப்போடு சரி என்று அவரே சொன்னார். விலாவில் காதை வைத்துக் கேட்டார். கருப்பட்டியில் குழைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தார். வெளியே வந்து சித்தப்பாவிடம் தாழ்ந்த குரலில், இது தேறாது, ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது என்றார். பெரியம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

அவள் கோபப்படவில்லை. டாக்டருக்குச் சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்தாள், நாங்கள் குடிப்பது வெல்லக் காப்பிதான். அவர் குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டுதான் பேசினாள்.

"ஏனுங்க, நீங்க படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா ஊசி போடறதுக்கு நான் கயிறு புடிச்சுக்கிட்டு நிக்க மாட்டனுங்க."

சித்தப்பா நல்ல மனுஷர். செவலை அப்படி நிற்பதைப் பார்க்கவும் அவரால் முடியவில்லை, அண்ணி மனசை நோகடிக்கவும் முடியவில்லை. நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். சேர்வராயன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சாமிக்கு விட்டுவிடலாம் என்றார். மலை உச்சியில் கோயிலைச் சுற்றிப் புல்வெளி. நேர்ந்துகொண்ட மாட்டை அங்கே கொண்டுபோய்க் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் அது சாமியுடையது, வாழ்ந்தாலும் செத்தாலும் சாமி பாடு. யார் கையிலும் பழி ஒட்டாது. பெரியம்மா சில நாள் யோசித்தாள். செவலையிடம் இதையும் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பிறகு சரி என்றாள்.

மழை விட்ட ஒரு நாளில் விடியற்காலையில் கிளம்பினோம். எஸ்டேட் ரோடு நெடுக சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செவலை பத்தடி நடக்கும், நிற்கும். அது நிற்கும்போதெல்லாம் நாங்களும் நின்றோம். உச்சிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. மேலே மரமே இல்லை, ஒரே புல், ஆளைத் தள்ளுகிற காற்று. குகைக்குள்ளே சாமி. பூசாரி திருநீறு எடுத்துவந்து செவலையின் நெற்றியில் பூசினார். பெரியம்மா கயிற்றை அவிழ்த்தாள், கழுத்து மணியையும் கழற்றினாள். செவலை எங்கேயும் போகவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றது. சித்தப்பா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார். அந்த உயரத்திலிருந்து கீழே குப்பனூர் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் தேடினேன், மேகம்தான் தெரிந்தது. என்னையும் இப்படித்தான் ஒரு மாதத்துக்கு என்று சொல்லி மலையில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அப்போது தோன்றியது.

மறுநாள் காலையில் பெரியம்மா பழக்கத்தில் கொள்ளு அவித்துவிட்டாள். அவித்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அதில் உப்பைப் போட்டு இரண்டு பேரும் தின்றோம். அன்று முதல் அவளுக்குப் பேசுவதற்கும் ஆள் இல்லை. நான் இருந்தேன், ஆனால் நான் அதற்கு ஆகவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காமல் கார்த்திகை பிறந்தது.

அப்போதுதான் பஸ் கண்டக்டர் மூலம் பூசாரி சொல்லி அனுப்பினார். வந்து பாருங்கள் என்று மட்டும். செத்துக் கிடக்கிறது போலிருக்கிறது என்று சித்தப்பா மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். மேலே போனால், செவலை அந்தக் காற்றில் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கிறது. பெரியம்மா குரல் கொடுத்ததும் தலையைத் தூக்கியது, ஓடி வந்தது. நடந்து வரவில்லை, ஓடி வந்தது. விலாவில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. பெரியம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீலக் குப்பி எழுதிக் கொடுத்த டாக்டர் ஒரு சின்னப் பெண். என் வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, பழைய பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடுங்கள், சாம்பிராணி கூடாது, அறையை அடைத்துக்கொண்டு படுக்கக் கூடாது என்றாள். பனி ஆகாதே அம்மா என்றேன். பனி இல்லைங்க, தூசியும் பூஞ்சையும் புகையும்தான் உங்களுக்கு ஆகவில்லை என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குதிரைக்கும் இப்படி வருமா என்று கேட்டேன். சிரித்தாள், ஆனால் நல்ல பெண், போனை எடுத்துத் தேடிப் படித்துச் சொன்னாள். வருமாம். அடைத்த கொட்டகையில் நின்று பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்றால் வருமாம். பெரிய மருந்தெல்லாம் அப்புறம்தானாம், முதலில் வெளியே விட்டுப் பச்சைப் புல் மேயவிட வேண்டுமாம். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் வந்து, என்னம்மா, ரிப்போர்ட் மோசமா என்று கேட்டார்.

அன்றைக்கு அந்தப் புல்வெளியில் நின்ற எங்களுக்கு இது எப்படித் தெரியும். சாமி பிழைக்க வைத்தது என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். பெரியம்மாவுக்குச் செவலையை வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற காலம், பொதிக்கு ஆள் மேல் ஆள் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்காக மட்டும் அவள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். சாமிக்கு விட்டதைச் சும்மா பிடித்துக்கொண்டு போகக்கூடாது, உத்தரவு கேட்க வேண்டும் என்றார் பூசாரி. சாமி தலையில் பூவை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் என்றால் இல்லை. பெரியம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. பூ வலப்பக்கம் விழுந்தது.

செவலை மணியோடு ஊருக்குள் நுழைந்தபோது, அதுவரை என்னிடம் பேசாத பிள்ளைகள்கூட வந்து கூடவே நடந்தார்கள். பெரியம்மா அதற்குள் கொட்டாயைச் சீர்பண்ணச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். புதுக் காப்பித் தோல், புது வைக்கோல், சுவரில் இருந்த வெடிப்பெல்லாம் பூசியாகிவிட்டது. சாமி திருப்பிக் கொடுத்ததை முன்னைவிட நன்றாக வைத்துக்கொள்ள வேண்டாமா. இன்றைக்கு நினைத்தால் அந்தக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொள்ளவேண்டும் போல் இருக்கிறது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. பகலெல்லாம் பொதி சுமந்து வெளியிலேயே நடந்ததால் இருக்கும். மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பெரியம்மா என்னைத் தூக்கி வெறும் சேணத்தின் மேல் உட்காரவைப்பாள். காப்பிச் செடிகளுக்கு மேலே என் தலை தெரியும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அவள் வகிடு மட்டும்தான் தெரியும், அவள் செவலையோடு பேசிக்கொண்டே வருவாள். நடுநடுவே என்னையும் கேட்பாள், என்ன கண்ணு, நான் சொல்றது சரிதானே என்று. அம்மாவை மறந்திருந்த நாட்கள் அவை.

மார்கழியில் மூடுபனி இறங்கியது. எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. பறிப்பு நின்றது, பொதி நின்றது. பெரியம்மா செவலையை வெளியே விடவே இல்லை. முழு நாளும் கொட்டாய், முழு நாளும் வைக்கோல், காலையிலும் புகை, மாலையிலும் புகை. இருமல் திரும்பியது. பிறகு இரைப்பு. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பது.

இந்தத் தடவை யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. சித்தப்பா வாயைத் திறந்தால், போன தடவையும் இதேதானே சொன்னீங்க தம்பி, எந்திரிச்சு ஓடி வந்தானா இல்லையா என்பாள் பெரியம்மா. டாக்டர் மறுபடி வந்தார். அவருக்கும் தைரியம் போய்விட்டிருந்தது. தேறாது என்று தான் சொன்ன குதிரை தேறியதை அவரே பார்த்திருந்தார். எனக்கும் சொல்லத் தெரியலீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு தடவை பிழைத்ததே செவலைக்கு எதிரியாகிவிட்டது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், இன்னும் ஒரு நாள் என்று தள்ளித் தள்ளி, அது எலும்பும் தோலுமாக நின்றது. மூச்சு இழுக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு படுப்பேன். பெரியம்மா பொத்திக்கொள்ளவில்லை.

நான்தான் கொட்டாயில் அதிகம் கிடந்தவள். ஒன்றைக் கவனித்தேன். செவலை எப்போதும் கதவுப் பக்கமே முகத்தை வைத்திருந்தது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மூக்கைக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு நிற்கும். கதவைத் திறந்தால் தலையை வெளியே நீட்டிவிடும், உள்ளே தள்ளுவது பெரும்பாடு. பெரியம்மாவிடம் சொன்னேன்.

"செவலை வெளிய போகோணுங்குது பெரியம்மா."

அவள் வந்து கதவோரம் நின்று பார்த்தாள். அவளுக்கு அது வேறு மாதிரி புரிந்தது.

"சாமி கூப்புடுது கண்ணு. குடுத்ததைப் புடுங்கிட்டு வந்தமல்ல, திரும்பக் கேக்குது."

மறுபடி மலை உச்சிக்கு ஏறுகிற தெம்பு செவலைக்கு இல்லை. இருந்திருந்தாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாமி முன்னால் போய் நிற்பது என்றாள். அன்று சாயங்காலமே சித்தப்பாவைக் கூப்பிட்டு, டாக்டரை வரச்சொல்லுங்க தம்பி என்றாள். மறுநாள் சித்தப்பா காப்பித் தோட்டத்து ஓரமாகக் குழி வெட்டினார்.

டாக்டர் வருவதாகச் சொன்ன அன்று காலையில் செவலையை வெளியே கொண்டுவந்து நார்த்தை மரத்தடியில் கட்டினோம். டாக்டர் வரவில்லை. பஸ் வரவில்லையோ என்னவோ. பொழுது சாய்ந்ததும் செவலையை உள்ளே இழுத்தால் அது அசையவில்லை. கடைசி நாளில் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று பெரியம்மா கம்பளியை அதன் மேல் போட்டு, தானும் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடிந்து நான் போனபோது இரண்டு பேர் மேலும் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அன்றைக்கு வெயில் வந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த வெயில்.

டாக்டர் மதியத்துக்கு மேல் வந்தார். வந்தவர் பையைத் திறப்பதற்கு முன்னால் விலாவில் காதை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு பெரியம்மாவிடம் வந்து, இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்குதுங்க, நாலு நாள் விட்டுப் பார்க்கலாமா என்றார். சித்தப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் செவலைக்கு முதுகைக் காட்டி, டாக்டரைப் பார்த்தபடி நின்றாள். நான் மட்டும்தான் செவலையைப் பார்த்தேன். அது தலையைக் குனிந்தது. மரத்தடியில் இருந்த புல்லை மோந்து பார்த்துவிட்டு ஒரு வாய் பிடுங்கித் தின்றது. பிறகு இன்னொரு வாய். எத்தனையோ நாளாக ஒன்றும் தின்னாத குதிரை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியம்மா பேசிவிட்டாள்.

"வேண்டாமுங்க. போட்டுடுங்க. மூச்சு நல்லா இருக்கறப்பவே போகட்டும்."

டாக்டர் சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா தரையைப் பார்த்தார். ஊசிக்குக் கயிறு பிடிக்க மாட்டேன் என்று சொன்னவள் தானே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள். என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்த ஒரு தடவை எனக்குக் கேட்கவில்லை. செவலை முன்னங்காலை மடக்கி, நிதானமாகச் சாய்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு அது படுத்தது அப்போதுதான்.

மாசியில் அப்பா வந்தார். அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று என்னைக் கூட்டிப் போனார். கொட்டாய் மூலையில் மிச்சம் இருந்த வைக்கோலைப் பார்த்துவிட்டு, ஏனுங்க அக்கா, இதைச் செலவழிக்கலையா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள். நான் கல்யாணம் பண்ணி, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து, ரிட்டயராகி, புருஷனையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாயிற்று. சித்தப்பா இல்லை. அந்த டாக்டர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாரோ. பெரியம்மா மட்டும் இருக்கிறாள், அதே வீட்டில், சித்தப்பா மகன் பொறுப்பில். இப்போது வாசலுக்கே வண்டி வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். யாராவது செவலையைப் பற்றிக் கேட்டால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். உரிய நேரத்தில் அனுப்பினேன், ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்பாள். பிள்ளை பெறாத, நிலம் சேர்க்காத அவள் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

டாக்டர் பெண் சொன்னதைக் கேட்ட பிறகு போன தை மாதம் போனேன். சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஏன் சொல்லவேண்டும் என்று கேட்பீர்கள். இந்தப் பாரத்தைத் தூக்க இன்னொரு கை வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. செவலையைத் தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். பெரியம்மா படுக்கையில் இருந்தாள், உடம்பு சுருங்கி ஒரு பிள்ளை அளவுக்கு ஆகிவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. சித்தப்பா மகன் காப்பி வைக்க உள்ளே போனான். அவன் போவதற்காகவே காத்திருந்தவள் போல என் கையைப் பிடித்தாள்.

"ஏங் கண்ணு, உன்னைய ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு டாக்டர்கிட்டப் பேசிக்கிட்டு நின்னனல்ல, அப்ப எம் முதுகுக்குப் பின்னால புல்லுப் புடுங்குற சத்தம் கேட்டுச்சு. அது செவலைதானே?"

அவள் கையை விடவில்லை. பொய் சொல்லியிருக்கலாம், அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"ஆமாங்க பெரியம்மா. செவலைதானுங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இத்தனை வருடமாக அதை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

"நான் திரும்பலை கண்ணு. திரும்பியிருந்தா அவனைப் போக வுட்டுருக்க மாட்டேன்."

சித்தப்பா மகன் காப்பியோடு வந்தான். பெரியம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தோம். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.